பழைய மசில் காரை மேகசினில போடுவிக்கிறது எப்பிடி: கொழும்பில இருந்து செய்யிற ஆக்களுக்கு

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கைக்குள்ள 1967 ஃபோர்ட் முஸ்டாங் ஒண்டு நிக்குது, மசில் கார் எண்டு சொல்லுற அந்தக் காலத்துப் பெரிய எஞ்சின் அமெரிக்கக் கார். பாக்கிற ஆக்கள் முதல்ல கேக்கிறது "லீட்டருக்கு எத்தினை ஓடும்?" அடுத்தது "குடுக்கிற யோசனை இருக்கோ?" இந்தக் காருக்குப் பின்னால என்ன கதை எண்டு கேட்ட ஒரே ஆள் வெளிநாட்டு மேகசின் எடிட்டர் ஒருத்தர்தான், அதுவும் அவருக்கு முதல் ரெண்டு எடிட்டர்மார் வேண்டாம் எண்டு சொன்னாப் பிறகு. கடைசியில 4 பக்கம் வந்திச்சு. அந்த ரெண்டு தரமும் நான் விட்ட பிழையளையும் சேத்துத்தான் இதை எழுதுறன், நீங்க அதே பிழையை விட்டு ரெண்டு வருஷத்தை வீணாக்க வேண்டாம்.

கேமரோ, சார்ஜர், முஸ்டாங் எது எண்டாலும் வழி ஒண்டுதான். உங்கட்ட அவுஸ்திரேலியா ஃபெல்கன் ஜிடி இருந்தாலும் இது பொருந்தும், பொருந்தாதது பேப்பர் பகுதி மட்டும்.

முதல் வேலை, எந்த மேகசின் எண்டு பாக்கிறது

மருதானை பழைய புத்தகக் கடையள்ல நாங்க சின்ன வயசில பாத்த அமெரிக்க கார் மேகசின்ல பாதிக்கு மேல இப்ப இல்ல. 2019 டிசம்பர்ல ஒரே கம்பனி தன்ட 22 மேகசின்ல 19ஐ ஒரேயடியா நிப்பாட்டினது, மசில் கார் ரிவியூ, முஸ்டாங் மன்த்லி, கார் கிராஃப்ட், மோபார் மசில் எல்லாம் அதோட போச்சு. அதால பழைய இஷ்யூல இருக்கிற அட்ரஸுக்கு ஈமெயில் அடிச்சுட்டு பதில் வரேல எண்டு கவலைப்பட்டுக் கொண்டிருக்காதீங்க, முதல்ல அந்த மேகசின் உயிரோட இருக்கா எண்டு பாருங்க.

ஒவ்வொண்டுக்கும் ஒரு ருசி இருக்கு. ஹொட் ரொட் 1948ல தொடங்கினது, அவங்களுக்கு எஞ்சினைக் கிண்டி மாத்தின கார்தான் வேணும். ஹெமிங்ஸ் மசில் மெஷின்ஸ் 2003ல வந்தது, ஃபேக்டரியில வந்த மாதிரியே திருப்பிச் செஞ்ச காருக்கு அங்க மரியாதை கூட. இங்கிலாந்தில கிளாசிக் அமெரிக்கன், அவுஸ்திரேலியாவில ஸ்ட்ரீட் மெஷினும் யுனிக் கார்ஸும். என்னைக் கேட்டா இலங்கையில இருக்கிற ஒருத்தர் அமெரிக்காவுக்கு முதல் இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் பாக்கிறது நல்லம். அமெரிக்காவில 67 முஸ்டாங் எண்டா மூலைக்கு மூலை நிக்கிற சாமான், அந்த வருஷம் மட்டும் 472,121 செஞ்சவங்க, அதுல 356,271 என்ட மாதிரி சாதாரண கூபே. கடலுக்கு அங்கால இருக்கிற ஆக்களுக்குத்தான் இது ஒரு அதிசயம், அதோட பார்ட்ஸ் எடுப்பிச்சுக் கஷ்டப்பட்ட கதையும் அவங்களுக்கு விளங்கும்.

தெரிஞ்செடுத்த மேகசின்ட கடைசி ஆறு இஷ்யூவையாவது வாசியுங்க. டிஜிட்டல் கொப்பி காணும். எத்தினை பக்கம் குடுக்கிறாங்க, சொந்தக்காரர்ட வாழ்க்கையைக் கூட எழுதுறாங்களா எஞ்சினைக் கூட எழுதுறாங்களா, வாசகர் கார் எண்டு ஒரு சின்னப் பகுதி இருக்கா எண்டு பாருங்க. அந்தச் சின்னப் பகுதியைக் கேவலமா நினைக்க வேண்டாம், அரைப்பக்கமா அங்க வந்த கார் பிறகு முழு ஃபீச்சரா வாறதும் உண்டு.

பேப்பர் வேலை, இதில்தான் நான் விழுந்தன்

என்ட முதல் ஈமெயில்ல "நம்பர் மெச்சிங் எஞ்சின்", அதாவது காரோட வந்த அதே எஞ்சின், நம்பரும் ஒத்துப்போகுது எண்டு பெருமையா எழுதினன். காரைத் தந்த அங்கிள் அப்பிடித்தான் சொன்னவர், நானும் நம்பினன். பதில் ஒரே ஒரு வரி, அதை எப்பிடி நிரூபிக்கிறீங்க எண்டு. எனக்குச் சொல்ல மறுமொழி இல்ல. ஏனெண்டா ஃபோர்ட் எஞ்சின் புளொக்கில காரிட நம்பரை வழக்கமா அடிக்கத் தொடங்கினது 1968 மொடல்ல இருந்துதான், அதுக்கு முதல் 271 குதிரை வலு கே கோட் எஞ்சினுக்கு மட்டும்தான் அடிச்சவங்க. என்டது சி கோட் 289, ரெண்டு பெரல் காபரேட்டர், 200 குதிரை வலு. அதில மெச் பண்ணிப் பாக்க நம்பரே இல்ல! 67 காருக்கு ஆகக் கூடச் சொல்லக்கூடியது எஞ்சின் வாத்த திகதி கார் செஞ்ச திகதியோட ஒத்துப்போகுது எண்டுதான். புளொக்கில 7 பி 14 எண்ட மாதிரி ஒண்டு வாத்திருக்கும், 7 எண்டா 1967, பி எண்டா பெப்ரவரி, 14 திகதி. கிறீஸைச் சுரண்டிப் போட்டு டோர்ச் அடிச்சுப் பாருங்க, படமும் எடுத்து வையுங்க.

அடுத்தது காரிட நம்பர். 67 முஸ்டாங்கில இடப்பக்க மட்காட்டுக்கு உள்ள இருக்கிற தகட்டில அடிச்சிருக்கும், கதவுத் தகட்டிலயும் இருக்கும். முதல் இலக்கம் வருஷம், அடுத்த எழுத்து ஃபேக்டரி, ஆர் எண்டா சான் ஹோசே, எஃப் எண்டா டியர்போர்ன், டி (T) எண்டா மெட்டச்சன். பிறகு 01 எண்டா கூபே, 02 எண்டா கூரை பின்னுக்குச் சரிஞ்சு போற ஃபாஸ்ட்பேக், 03 எண்டா கூரை திறக்கிறது. அதுக்குப் பிறகு எஞ்சின் கோட். உங்கட "ஃபாஸ்ட்பேக்" காரில 01 எண்டு இருந்தா கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு இருந்து யோசியுங்க.

67 இல்லாட்டி அதுக்குப் பிந்தின ஃபோர்ட் எண்டா மார்ட்டி ரிப்போர்ட் எடுக்கலாம், ஃபோர்ட்ட பழைய தயாரிப்புத் தரவை வச்சு உங்கட கார் எந்த நிறத்தில, எந்த எஞ்சினோட, எண்டைக்குச் செஞ்சது எண்டு தருவாங்க. ஒன்லைன்ல காசு கட்டலாம். 65, 66 காருக்கு அது இல்ல. பொன்டியாக்குக்கு பிஎச்எஸ் எண்டு ஒரு இடம் இதே வேலையைச் செய்யுது. மோபார் காருக்கு, அதாவது டொட்ஜ், பிளிமத் மாதிரி கிறைஸ்லர் கம்பனிக் காருக்கு, மட்காட்டுக்குள்ள இருக்கிற ஃபெண்டர் டேக் எண்ட தகடும், சில நேரம் சீட் ஸ்பிரிங்குக்குள்ள ஒளிஞ்சிருக்கிற புரோட்காஸ்ட் ஷீட் எண்ட ஃபேக்டரித் தாளும்தான் ஆதாரம். சீட் கழட்டினா பழைய தாளெண்டு எறிஞ்சுபோடாதீங்க தயவுசெய்து.

இலங்கைப் பக்கப் பேப்பரையும் சேருங்க. சிஆர் புக்கில (வாகனப் பதிவுப் புத்தகம்) முதல் பதிஞ்ச திகதி, பழைய சொந்தக்காரர்மார், நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில எடுக்கிற பதிவு விபரம், எல்லாத்திலயும் ஒரு கொப்பி. நம்பர் பிளேட்டும் கதைதான். என்டது ஸ்ரீ நம்பர், எடிட்டர் அந்த நடு எழுத்து என்ன எண்டு கேட்டவர். 1950களிட கடைசியில அந்தச் சிங்கள ஸ்ரீ நம்பர் பிளேட்டுக்கு வந்தப்ப தமிழாக்கள் எதிர்த்து தார் பூசினதும், அது எங்க போய் முடிஞ்சதும் நான் ரெண்டு வரியில எழுதி அனுப்பினன். தமிழ் வீட்டு வாசல்ல நிக்கிற அமெரிக்கக் காரில அந்த எழுத்து இருக்கிறது அவருக்கு வடிவா விளங்கிச்சு, கட்டுரையிலயும் அது வந்தது.

ஸ்டியரிங் விஷயம் ஒண்டு. ஃபோர்ட் ஃபேக்டரியில இருந்து நேரா வலப்பக்க ஸ்டியரிங்கோட முஸ்டாங் வரத் தொடங்கினது 2015 தலைமுறையிலதான். உங்கட பழைய காரில ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தா ஆரோ எங்கயோ மாத்தியிருக்கு. எங்க, எப்ப எண்டு தெரிஞ்சா எழுதுங்க, மறைச்சா வாசகரே கண்டுபிடிச்சு எடிட்டருக்கு எழுதுவாங்க.

கதை எது எண்டு கண்டுபிடிக்கிறது

ரெண்டாம் தரம் வேற மேகசினுக்கு அனுப்பினப்ப பொய் ஒண்டும் இல்ல, படமும் பளபள எண்டு இருந்தது, எழுத்தில "முழுமையா ஒரிஜினல் தரத்துக்குத் திருப்பிச் செஞ்சது" எண்டு போட்டன். அவங்க நல்ல மரியாதையா, இதே மாதிரிக் கார் எங்கட்ட நிறைய வருது எண்டு எழுதினாங்க. அது உண்மைதான். கொழும்பை வெட்டிப் போட்டு, ஒஹாயோவில நிக்கிற கார் மாதிரிக் காட்ட நான் படாத பாடுபட்டிருக்கிறன், பிறகு அவங்கள் ஒஹாயோக் காரையே எடுக்கிறதுதானே.

நான் மறைச்சது என்னெண்டா காரிட தரைத்தகடு. 65 தொடக்கம் 68 வரை வந்த முஸ்டாங்கில முன் கண்ணாடிக்குக் கீழ காத்து எடுக்கிற பெட்டி ஒண்டு இருக்கு, உள்ளுக்குத் துரு பிடிச்சா மழைத்தண்ணி நேரா கால் வைக்கிற இடத்துக்கு ஒழுகும். எங்கட மழைக்கும் கடல் காத்துக்கும் கேக்கவே வேணாம், காப்பெட்டைத் தூக்கினா ஒழுங்கைச் சீமெந்து தெரிஞ்சது. வெளியில இருந்து தரைத்தகடு எடுப்பிக்க அந்த நேரம் வழியில்ல, 2022, டொலரும் இல்ல பெற்றோலும் இல்ல. எங்கட டிங்கர் பாஸ், தகட்டு வேலை செய்யிறவர், பழைய சோனகத் தெருவில 18 கேஜ் தகடு வாங்கிக் கொண்டு வந்து, பலாமரக் கட்டையில அச்சு வெட்டி, அந்த நீட்டு வரிப்பள்ளமெல்லாம் சுத்தியலால அடிச்சே எடுத்தவர். மூண்டு கிழமை. ஒரு படத்தைப் பாத்து, அதுவும் என்ட ஃபோன்ல. இதைச் சொன்னா காரிட பெறுமதி குறைஞ்சுபோகும் எண்டு நான் நினைச்சன்.

மூண்டாவது எடிட்டருக்கு இதைத்தான் முதல் வரியிலயே எழுதினன். ரெண்டு நாள்ல பதில் வந்திச்சு, கேட்ட முதல் கேள்வி "அந்தக் கட்டை அச்சு இன்னும் இருக்கா, படம் எடுக்கலாமா?" எண்டு. பெற்றோலுக்கு கியூஆர் பங்கீடு வந்த காலத்தில காருக்கு வாரம் 20 லீட்டர், அதை வச்சு 4.7 லீட்டர் எஞ்சினை எப்பிடி டியூன் பண்ணினது எண்டதையும் அவர் விட்டு வைக்கேல.

உங்கட கதை இது மாதிரி இருக்கோணும் எண்டு இல்ல. கூட்டாளிமாருக்குச் சொல்லேக்க எந்த இடத்தில வெக்கப்பட்டு சுருக்கமாச் சொல்லிப்போட்டுக் கடந்து போறீங்களோ அந்த இடத்தைத் தேடிப் பாருங்க, அநேகமா அதுக்குள்ளதான் கிடக்கும். பஞ்சிகாவத்தையில லொறி பார்ட் ஒண்டை வெட்டிப் பொருத்தி ஓட்டினீங்களா, ஒரு வருஷம் கார் கட்டையில நிண்டு வீட்டில சண்டை வந்ததா, எழுதுங்க. ஆனா இப்ப காரில இருக்கிற மாத்தம் ஒவ்வொண்டையும் மாத்தம் எண்டே சொல்லுங்க.

கார் ரெடி பண்ணுறது

இதை நீட்ட மாட்டன். படம் எடுக்கிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் கட் அண்ட் பொலிஷ் முடிச்சுடுங்க, முதல் நாள் செஞ்சா வெள்ளைத் தூள் இடுக்கில எல்லாம் நிக்கும். எஞ்சின் பகுதியில நிறம் சரியா எண்டு பாருங்க: 1966ல இருந்து ஃபோர்ட் எஞ்சினுக்கு நீலம், 65 காரிட 289 எண்டா புளொக் கறுப்பு, வால்வ் கவர் தங்க நிறம். 65 காரில நீல எஞ்சின் போட்டு அனுப்பினா அதைப் பாத்து சிரிக்கிற வாசகர் உலகம் முழுக்க இருக்கினம். டயரில கறுப்புப் பொலிஷை ஊத்த வேண்டாம், படத்தில ஈரச் செருப்பு மாதிரித் தெரியும். டேஷ்போர்டில ஒட்டின பிள்ளையாரைக் கழட்டுறதா எண்டு என்னட்ட கேட்டா, நான் கழட்டேல.

படம் எடுக்கிறது

பாதிக் காரியம் இங்கதான். மேகசின் உங்கட நாட்டுக்கு ஃபோட்டோகிராஃபர் அனுப்பப் போறதில்ல, அதால நீங்கதான் ஒழுங்கு பண்ணோணும். கலியாண ஃபோட்டோகிராஃபர் நல்ல ஆக்கள்தான், ஆனா கார் வேற, தகடு கண்ணாடி மாதிரி, எதிர்ல நிக்கிற மின்கம்பம், ஓட்டோ, ஃபோட்டோகிராஃபர்ட வண்டி எல்லாம் கதவில விழும். கார் படம் எடுத்துப் பழகின ஆளைப் பிடியுங்க, ரேஸ் நடக்கிற இடங்கள்ல எடுக்கிற பொடியன்மாரைக் கேட்டுப் பாருங்க. அந்த மினுக்கத்தைக் குறைக்கிற பொலரைசர் ஃபில்டர் இல்லாம வந்தா திருப்பி அனுப்புங்க.

வெளிச்சம். வெளிநாட்டுப் புத்தகங்கள்ல விடியவும் பின்னேரமும் ஒரு மணித்தியாலம் தங்க வெளிச்சம் இருக்கும் எண்டு எழுதியிருப்பாங்க. கொழும்பு நடுக்கோட்டில இருந்து 7 பாகைதான், சூரியன் சரிஞ்சு வராம நேரா மேல ஏறும், அதால எங்களுக்குக் கிடைக்கிறது அரை மணித்தியாலம் கூட இல்ல. விடியுறது ஆறு மணியை அண்டி எண்டா அஞ்சரைக்கே கார் இடத்தில, துடைச்சு, சில்லுத் திருப்பி நிக்கோணும். மேகம் மூடின நாளைக் கண்டு பயப்பட வேணாம், எஞ்சின், உள்பக்கம், காரிட அடிப்பக்கம் எல்லாம் அண்டைக்கு எடுத்தா நிழல் வெட்டாது. மாதம் எண்டா ஜனவரியில இருந்து மார்ச் வரை நல்லம், ஏப்ரல் பின்னேரம் இடி மழை, மே மாதத்தோட தென்மேல் பருவமழை தொடங்கிடும்.

இடம். ஞாயிறு விடிய கோட்டைப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும், யோர்க் வீதி கார்கில்ஸ் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால நீலக் கார் நிண்டா வேற ஒண்டும் தேவையில்ல. ஆனா கோட்டையில துறைமுகம், வங்கி, ஜனாதிபதி மாளிகை எல்லாம் பக்கத்தில, பெரிய கெமரா ஸ்டாண்ட் வச்சா ஆரும் வந்து கேப்பாங்க. முதலே பொலிஸ் ஸ்டேஷன்ல சொல்லிப்போட்டுப் போங்க, ரெவனியூ லைசன்ஸ், இன்சூரன்ஸ், எமிஷன் சேர்ட்டிஃபிகேட் காரிலயே இருக்கட்டும். ட்ரோன் எண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி வேணும், இல்லாமப் பறக்க விட வேண்டாம். சுதந்திர சதுக்கம், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் எல்லாம் வடிவு, ஆனா அனுமதி, சனம் ரெண்டும் தலையிடி.

காலிமுகத்திடல்ல பின்னேரம் எடுக்க ஆசை வரும், கடலுக்குள்ள சூரியன் இறங்குறது அங்கதான். எடுங்க, ஆனா அண்டைக்கே வீட்ட வந்து நல்ல தண்ணியில காரைக் கழுவுங்க, உப்புத் தூவானம் குரோமியத்தைத் தின்னும். எங்களுக்கு நல்லா வந்தது வீட்டுக்குக் கிட்ட மரைன் டிரைவ்தான். ஒரு பக்கம் கார், நடுவில தண்டவாளம், அங்கால கடல், காலிக்குப் போற ரெயில் வாற நேரம் பாத்து நிண்டு எடுத்தது. மேகசின்ல முதல் ரெண்டு பக்கமும் அந்தப் படம்.

எடுக்க வேண்டிய படங்கள் எண்டா, முன்பக்கம் சரிவா, ஹெட்லைட் உயரத்தில கெமரா வச்சு, முன் சில்லை ரிம் முகம் தெரியிற மாதிரித் திருப்பி. பின்பக்கமும் அப்பிடியே. தூரத்தில நிண்டு 70 இல்லாட்டி 100 மில்லிமீட்டர் லென்ஸில, கிட்ட போய் அகல லென்ஸில எடுத்தா மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கும். ஓடேக்க எடுக்கிறதுக்கு 40 கிலோமீட்டர் வேகம், ஷட்டர் 60ல ஒண்டு, முப்பது தரம் போய் வந்தா மூண்டு படம் தேறும். எஞ்சின், டேஷ்போர்ட், டிக்கி, கதவுத் தகடு, அடிப்பக்கம். சொந்தக்காரர் காரோட நிக்கிற ஒண்டு, பொனட்டில சாய்ஞ்சு கை கட்டிக் கொண்டு நிக்கிறதை மட்டும் விட்டுடுங்க. வேலை செஞ்ச பாஸ்மாரையும் எடுங்க.

ஒவ்வொரு முக்கிய படத்தையும் நெட்டாவும் எடுங்க, படுக்கையாவும் எடுங்க, காரைச் சுத்தி இடம் விடுங்க, தலைப்புப் போட அவங்களுக்கு வெறும் வானம் வேணும். அச்சுக்கு 300 டிபிஐ எண்டு வச்சா ஏ4 ஒரு பக்கத்துக்கு 2480 க்கு 3508 பிக்சல், ரெண்டு பக்கம் விரிச்சுப் போட 17 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல. 24 மெகாபிக்சல் கெமரா தாராளம். ரோ ஃபைலை, அதாவது கெமரா எடுத்தபடியே இருக்கிற மூலப் படத்தை, வச்சிருக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில அனுப்பவே வேணாம், அது படத்தை நசுக்கிப்போடும், டிரைவ் லிங்க்தான். ஃபோட்டோகிராஃபர்ட்ட மேகசினுக்குக் குடுக்கலாம் எண்டு எழுத்தில ஒரு அனுமதி வாங்குங்க, படத்துக்குக் கீழ அவர்ட பேர் வரும் எண்டதும் அதில இருக்கட்டும். நான் இதை மறந்து கடைசி நேரம் ஓடித் திரிஞ்சன்.

திருத்த முதல் எடுத்த பழைய படங்கள், துரு, ஓட்டை, கட்டலோய் புட்டி அள்ளி அப்பின மட்காட், அதெல்லாம் ஃபோன்ல எடுத்த மங்கல் படமா இருந்தாலும் அழிக்காதீங்க.

இதைச் செய்யிற காலத்தில முழுப் படத்தையும் ஃபேஸ்புக்கில கொட்ட வேண்டாம். வேற இடத்தில வந்த காரை அச்சு மேகசின் தொட விரும்பாது. ஒண்டு ரெண்டு போட்டா பரவாயில்ல.

ஈமெயில்

எடிட்டர்ட பேருக்கு, "டியர் சேர்" எண்டு பொதுவா எழுதாம. தலைப்பில வருஷம், மொடல், கொழும்பு, அதோட கதையிட கொக்கி ஒண்டு. என்டது தமிழில சொன்னா "67 முஸ்டாங், கொழும்பு: பலாமர அச்சில அடிச்ச தரைத்தகடு" எண்டு இருந்தது. உள்ளுக்கு 150 சொல்லுக்கு மேல வேண்டாம்: கார் என்ன, கதை என்ன, என்ன மாத்தினது, படம் ரெடி, வேற எங்கயும் வரேல. சின்னப் படம் ஆறு ஒட்டி, பெரியது லிங்க்கில இருக்கு எண்டு சொல்லுங்க. எங்கட ஊர்ப் பழக்கத்தில "தங்களின் மேலான கவனத்துக்கு" எண்டு நாலு வரி போட்டா அவர் அஞ்சாவது வரிக்கு வரமாட்டார்.

ஒரே நேரத்தில மூண்டு மேகசினுக்கு அனுப்பாதீங்க. ஒண்டுக்கு அனுப்பி மூண்டு கிழமை பொறுங்க, பிறகு ஒரு நினைவூட்டல், இன்னும் ரெண்டு கிழமை பாத்துட்டு அடுத்த ஆளிட்ட போங்க. காசு கட்டினா போடுவம் எண்டு பதில் வந்தா அது விளம்பரம், ஃபீச்சர் இல்ல. உங்களுக்கும் அவங்க காசு தருவாங்க எண்டு நினைக்க வேணாம், எழுத்தோ படமோ விலைக்கு வாங்கினா அதைத் தெளிவாச் சொல்லுவாங்க.

ஓம் எண்டு சொன்னா

ஒரு கேள்வித்தாள் வரும். பெயின்ட் கோட், பின் அக்சில் விகிதம், டயர் அளவு, கியர்பொக்ஸ், பிரேக், ஆர் எஞ்சின் செஞ்சது, எவ்வளவு காலம். தெரியாததை ஊகிச்சு நிரப்பாதீங்க, ஜாக்கி போட்டுப் போய்ப் பாருங்க. என்ட காருக்கு அக்கபல்கோ ப்ளூ எண்டு நானே பல பேருக்குச் சொல்லியிருந்தன், கதவுத் தகட்டைப் பாத்தா நிற எழுத்து டி (D) இல்ல, கே (K), அதாவது நைட்மிஸ்ட் ப்ளூ. கார் முதல் வந்த நிறம் ஒண்டு, இப்ப இருக்கிறது இன்னொண்டு எண்டு திருத்தி அனுப்பினன்.

அச்சுக்குப் போறதுக்கு முதல் கட்டுரையைக் காட்டுவாங்க எண்டு இல்ல, ஆனா பேர், வருஷம், நம்பர் சரி பாக்க அனுப்பச் சொல்லிக் கேக்கலாம். கொழும்பை இந்தியாவுக்குள்ள வச்சு எழுதியிருந்தா அந்த நேரம்தான் பிடிக்கலாம். ஓம் எண்டு சொன்னதுக்கும் கையில வாறதுக்கும் மூண்டு, நாலு மாசம் போகும், அதுக்கிடையில காரை வித்துப்போடாதீங்க.

வந்த உடனே ஆறு கொப்பியாவது ஓடர் பண்ணுங்க, பிறகு பழைய இஷ்யூ கிடைக்காது. ஒண்டு சிஆர் புக் கொப்பியோட ஃபைலுக்குள்ள, இன்சூரன்ஸுக்குப் பெறுமதி போட வாறவருக்கும் அதைக் காட்டலாம். தபால்ல வந்த என்ட பார்சல் ஒரு மாசத்துக்கு மேல எடுத்தது, மழையில நனைஞ்சு ரெண்டு கொப்பி ஒட்டிக் கிடந்தது. நனையாததில ஒண்டைக் கொண்டு போய் பாஸ்ட்ட குடுத்தன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, படங்களை மட்டும் ஒவ்வொண்டாப் பாத்துட்டு, தரைத்தகட்டுப் படத்தில விரலை வச்சு, இந்த மூலை வெல்டிங்கை இன்னொருக்கா கிரைண்ட் பண்ணியிருக்கலாம், காரை ஞாயிறு கொண்டு வாங்க எண்டு சொன்னார்.